காணும் ஆவலும் காக்கும் கடமையும்

ஒன்றை நேசிப்பவன் அதன் அருகே செல்ல விழைவது இயல்பு. ஆனால், அருகே செல்வதே அதற்குத் தீங்காய் முடியுமானால், அந்த நேசத்தை என்னவென்பது? இவ்வினாவை ஸ்காட்லாந்தின் வசந்த காலத்தில் வைத்து ஆராய்ந்தால் நமக்குத் தெளிவு பிறக்கும்.

ஏப்ரல் பிறந்ததும் அந்நாட்டின் பைன் காடுகளுக்கும் கடற்கரைப் பாறைகளுக்கும் பறவை காண்போர் புறப்படுகின்றனர். கழுத்தில் தொலைநோக்கி, கையில் குறிப்பேடு. அவ்வளவே அவர்தம் கருவிகள். அவர்கள் எதையும் கொன்று வருவதில்லை. கண்ணாரக் கண்டு திரும்புகின்றனர். இதைவிடக் குற்றமற்ற இன்பம் வேறுண்டோ என்றே நமக்குத் தோன்றும்.

காண்பது காப்பாகவும் அமைந்ததுண்டு. மீனையே உணவாகக் கொள்ளும் விராலடிப்பான் என்னும் பருந்தினம், வேட்டையாலும் முட்டை சேகரிப்போர் பேராசையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் கூடு கட்டுவது அற்றுப் போயிற்று. 1950களில் ஓரிணை கார்ட்டன் ஏரிப்பக்கம் வந்து கூடு கட்டியது. இடத்தை இரகசியமாய் வைத்துக் காவலும் போட்டனர். எனினும் 1958இல் ஓரிரவு, திருடன் ஒருவன் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். காலணி மை பூசிய கோழி முட்டைகளைக் கூட்டில் வைத்துச் சென்றான். மறு ஆண்டு, பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கூடு இருக்குமிடத்தை உலகறியச் சொல்லி, தொலைவில் மறைவிடம் அமைத்து, மக்களை அழைத்தார். அவ்வாண்டே ஏறத்தாழ 14,000 பேர் வந்து கண்டனர். மூன்று குஞ்சுகள் பறந்தன. ஆயிரம் கண்கள் காவல் நிற்குமிடத்தில் திருடனுக்கு வேலையில்லை அல்லவா?

ஆனால், அதே காட்டில் வாழும் காப்பர்கெய்லியின் கதை வேறு. வான்கோழியளவு பருத்த இக்காட்டுக்கோழி, பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு அழிந்து, 1837இல் சுவீடனிலிருந்து கொணர்ந்து மீண்டும் குடியேற்றப்பட்டது. வசந்தத்தின் வைகறையில் சேவல்கள் ஓரிடத்தில் கூடி ஆடிப் பேடுகளை ஈர்க்கும். அக்காட்சியைக் காண விரும்பாத பறவை நேயர் அரியர். ஆளரவம் கேட்டால் ஆட்டம் கலையும். கலைந்தால் இனப்பெருக்கம் குன்றும். 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பின்படி எஞ்சியவை ஏறத்தாழ 532 மட்டுமே. வாழிடம் சுருங்கியது முதலாகக் காரணங்கள் பலவெனினும், மனிதர் தரும் தொல்லையும் அவற்றுள் ஒன்று. ஆடுமிடத்தில் அதைத் தொல்லைப்படுத்துவது 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைத் தேடி வரவேண்டாமென்றே இன்று காவலர்கள் வேண்டுகின்றனர்.

"ஓசையின்றி நின்று பார்த்துப் போகும் என்னொருவனால் என்ன கேடு?" என்று ஒருவர் கேட்கலாம். நேற்று வந்தவரும் அதையே கேட்டார். நாளை வருபவரும் அதையே கேட்பார். பறவைக்கோ அவர்கள் தனித்தனி மனிதர்களல்லர். ஓயாத ஒரே அச்சம். நம் உள்ளத்தின் தூய்மை அதற்குத் தெரியாது. நம் காலடியோசைதான் தெரியும்.

அப்படியாயின் காணாதிருப்பதே அறமா? அதுவும் முழு உண்மையன்று. ஒருவரும் கண்டறியாத உயிர் மறைந்தால், அதற்காக வருந்துவோரும் இரார். மே தீவில் பஃபின் பறவைகள் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. வழிவிலகி ஓரடி வைத்தால் வளை இடிந்துவிடும். ஆதலின் குறித்த பாதையில் மட்டுமே பார்வையாளர் நடக்கின்றனர். அங்கே காண்பதும் காப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன.

எனவே, எல்லா உயிர்க்கும் ஒரே தொலைவை நாம் விதித்துவிட இயலாது. எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் காண்பவரின் ஆசை முடிவு செய்தலாகாது. காணப்படும் உயிரின் தாங்கும் ஆற்றலே முடிவு செய்தல் வேண்டும். விராலடிப்பானைக் காணச் சென்றவர் அதைக் காத்தார். காப்பர்கெய்லியைக் காணாமல் திரும்புகின்றவரும் அதைக் காக்கின்றார். முன்னவர்க்குக் கண்ட மகிழ்ச்சி கைம்மாறாய்க் கிடைத்தது. பின்னவர்க்கு அதுவுமில்லை. கைம்மாறு கருதாத அன்பே உயர்ந்ததென்று நாம் ஒப்புவோமாயின், அவ்விருவருள் உயர்ந்தவர் யாரென்பதில் நமக்கு ஐயம் எழ இடமில்லை.