28-ஆம் நாளுக்கு முன்னால்

மேல்தளம் போடும் நாளில், பொறியாளர் மேற்பார்வை உள்ள இடமென்றால், அதே கலவையில் கொஞ்சம் எடுத்து மூன்று இரும்பு அச்சுகளில் நிரப்பி வைப்பார்கள். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள இந்தக் கட்டிகளைக் கியூப் என்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைத்து, 28-ஆம் நாள் இயந்திரத்தில் நொறுக்கிப் பார்ப்பார்கள். எம்20 கான்கிரீட்டுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கேட்கும் முறை இது.

நல்ல முறைதான். ஆனால் முடிவு கைக்கு வரும்போது தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தாகிவிட்டது. பல இடங்களில் தளத்தின்மேல் சுவரும் எழும்பிவிட்டது. பலவீனம் இருக்கிறதென்று சோதனை சொல்லலாம். அதைப் போக்க அதனால் முடியாது.

தளத்தின் தலையெழுத்தை எழுதுவது தண்ணீர். சிமெண்டோடு ஒப்பிடத் தண்ணீர் கூடக்கூட வலிமை குறையும் என்று டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். குறித்த விகிதத்தில் கலக்கும் (நாமினல் மிக்ஸ்) எம்20-க்கு, 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சவரம்பு. இறுகுவதற்கு வேண்டியதுபோக மிஞ்சும் நீர் வெளியேறியதும் உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். ஆனால் வெயில் ஏற ஏறக் கலவை முறுகும், கரண்டி ஓடாது. இன்னும் ஒரு குடம் ஊற்றினால் வேலை இலகுவாகும். ஊற்றுகிறார்கள்.

அடுத்து, கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விட அடியில் வைக்கும் கவர் பிளாக். அது நழுவிக் கம்பி பலகையைத் தொட்டுவிட்டால் அன்று எதுவும் தெரியாது. ஆண்டுகள் கழித்துக் கம்பி துருப்பிடித்து உப்பும்போதுதான் கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து விழும்.

கடைசியாக, தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தும் க்யூரிங். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள்; வறண்ட வெக்கையில் இன்னும் அதிகம். ஆனால் மூன்றாம் நாளே ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். தொட்டிக்குள் கிடக்கும் கியூப் 28-ஆம் நாள்வரை நீரில் ஊறுகிறது. அதன் உடன்பிறந்த தளமோ மொட்டை வெயிலில் காய்கிறது. கியூப் தேறினால் கலவை தேறியது என்றுதான் பொருள். தளம் தேறியது என்று அல்ல.

இந்த மூன்று பிழைகளையும் பூச்சுவேலை மூடிவிடும். அதனால்தான் நாம் உடனே மனச்சாட்சியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். யாரும் பார்க்காதபோதும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறோம். உச்சிவெயிலில் சட்டி சுமக்கும் சித்தாளிடம், பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்லி விரட்டப்படும் கொத்தனாரிடம் அந்தப் பாரத்தையும் ஏற்றிவிடுவது நியாயமா? பத்து நாள் தண்ணீர் விட ஓர் ஆளுக்குரிய கூலி மதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? தண்ணீர் அளக்கக் கோடு போட்ட வாளி கலவை இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறதா? கலவை நீர்த்துப்போனதைக் கண்டு "நிறுத்துங்கள்" என்று மேஸ்திரி சொன்னால், அன்றைய கூலி யாருக்கும் பறிபோகாது என்ற உறுதி உண்டா? இவை இல்லாத திட்டம் தரத்துக்கு ஆசைப்படுகிறது. அதற்கு விலை கொடுக்கவில்லை.

தரத்தைத் திட்டமிடுவது என்றால், சரியான வேலையைச் செய்பவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது. சோதனை அதற்குப் பின்னால் வரும் சாட்சி மட்டுமே.

அந்தத் தளத்தின்கீழ் நாளை ஒரு குழந்தை தூங்கும். இன்று அந்த இடத்தில் நின்று தனக்காகப் பேச அதனால் முடியாது. அதன் சார்பில் பேசக்கூடியவர் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்திருக்கும் தொழிலாளி ஒருவர்தான். அவருக்கு நேரமும் கூலியும் மறுத்துப் பேசும் உரிமையும் கொடுக்காமல், அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பைக் கொடுக்க முடியாது. வேலை செய்கிறவருக்கு நாம் செய்யும் நியாயமே, வாழப்போகிறவருக்குத் தரமாகப் போய்ச் சேருகிறது.