கட்டளையிட்டு வாங்கும் மன்னிப்பு

ஐந்து வயதுக் குழந்தை தன் தம்பி கையிலிருந்த கலர் பென்சிலைப் பிடுங்குகிறது. அவன் விடாமல் பிடித்துக்கொள்ள, முதுகில் ஓர் அடி விழுகிறது. அலறல் கேட்டுப் பெரியவர் ஒருவர் ஓடி வருகிறார். அடுத்த அரை நிமிடத்தில் நடப்பது பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். “தம்பிகிட்ட சாரி சொல்லு.” பதில் இல்லை. “சொல்லப்போறியா, இல்லையா?” தரையைப் பார்த்தபடி வாய்க்குள் ஒரு “சாரி”. “சத்தமா சொல்லு.” கொஞ்சம் உரக்க இன்னொரு “சாரி”. வழக்கு தீர்ந்தது, பெரியவர் விட்ட வேலைக்குத் திரும்புகிறார். அந்த அரை நிமிடத்தில் குழந்தை எதைக் கற்றுக்கொண்டது? தம்பிக்கு வலித்ததா என்று அது பார்க்கவே இல்லை. அதன் கண் முழுக்கப் பெரியவரின் முகத்தில்தான் இருந்தது. வருத்தம் இல்லாவிட்டாலும் வருந்துவதாகச் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்பதுதான் அதற்குக் கிடைத்த பாடம். நல்ல நோக்கத்தோடு நாம் செய்யும் இந்தச் செயல், தன் மனத்தைத் தானே அறிந்து உண்மையாகப் பேசும் பழக்கத்தைக் குழந்தையிடமிருந்து மெல்லப் பறிக்கிறது. ஆகவே இதை அறம் என்று ஒப்புக்கொள்வது கடினம்.

குழந்தைகளே இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் ஸ்மித்தும் அவருடைய சக ஆய்வாளர்களும், 4 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் சில சண்டைக் கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டு, 2018-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கதையில் தவறு செய்த பிள்ளை தானாக மன்னிப்புக் கேட்கும். இன்னொன்றில் பெரியவர் நினைவுபடுத்தியதும் மனமொப்பிக் கேட்கும். மூன்றாவதில் விருப்பமில்லாமல், வற்புறுத்தலுக்குப் பணிந்து கேட்கும். முதல் இரண்டையும் குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றாகவே மதித்தார்கள். மூன்றாவதை மதிக்கவில்லை, அடிபட்ட பிள்ளைக்கு அதனால் ஆறுதல் கிடைக்காது என்று, குறிப்பாக ஏழு வயதைத் தாண்டியவர்கள், தெளிவாகச் சொன்னார்கள். பெரியவர் நினைவூட்டுவதில் குற்றமில்லை, நெருக்கிப் பிழிவதில்தான் குற்றம் என்பது இதிலிருந்து தெரிகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மரிசா டிரெல், விக்ரம் ஜஸ்வால் இருவரும் செய்து 2016-இல் வெளியிட்ட சோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பிளாஸ்டிக் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார்கள். கூட இருக்கும் பெரியவர் அதைத் தட்டிவிடுகிறார். சிலரிடம் அவர் மன்னிப்புக் கேட்டார், சிலருக்கு மறுபடி கட்ட உதவினார், சிலரிடம் ஒன்றுமே சொல்லாமல் போனார். குழந்தையின் மனக்குறையை அப்போதே குறைத்தது திரும்பக் கட்டிக் கொடுத்ததுதான். மன்னிப்பு வீண்போகவில்லை, உறவைச் சீராக்க அது உதவியது. ஆனால் இடிந்த கோபுரத்துக்கு ஒரு சொல் ஈடாகவில்லை.

அச்சத்தால் வாங்கும் நல்லொழுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2011-இல் விக்டோரியா தல்வார், காங் லீ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் அடி, கிள்ளு எல்லாம் அன்றாடம், மற்றதில் கண்டிப்பு மட்டும். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் பெரியவர் வெளியே போகிறார். இரு பள்ளிகளிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது, அடிக்கும் பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் இல்லை என்று பொய் சொன்னார்கள். மற்றதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மட்டுமே. அடிக்கும் பள்ளியின் பிள்ளைகள் அந்தப் பொய்யைக் குட்டு வெளிப்படாமல் காப்பாற்றுவதிலும் தேர்ந்திருந்தார்கள். இது தொலைதூரத்துச் சேதி அல்ல. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் இந்தியக் குழந்தைகளில் மூவரில் இருவர் உடல் தண்டனைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்தது. பிரம்பு குறைந்திருக்கலாம். எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி “மன்னிப்புக் கேள்” என்று அதட்டுவது குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் அந்த அரை நிமிடத்தில் என்ன செய்வது? அடித்த குழந்தைக்குள் அடிக்கு முன்னால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. முதலில் அதைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இது மேலைநாட்டு உளவியல் நமக்குப் புதிதாகக் கொண்டுவந்த யோசனை அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மனத்தில் எழுந்து உடலில் தெரியும் உணர்வுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நான்கு நான்காகப் பிரிக்கிறது. அழுகையை எடுத்துக்கொண்டால், பிறரால் இழிவுபடுவது, உரியதை இழப்பது, இருந்த நிலை தளர்வது, இல்லாமை என்று நான்கு வேர்களை அது காண்கிறது. செய்யுளுக்கான இலக்கணம்தான், ஆனால் அழுகிற குழந்தையின் எதிரே நிற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. பென்சில் போனதற்கா அழுகை, எல்லோரும் சிரித்ததற்கா? பொருளை இழந்த குழந்தைக்குப் பொருளைக் கொடுக்கலாம்; அவமானப்பட்ட குழந்தைக்கு இன்னொரு பென்சில் எதற்கு? “உன் படம் முடியல, அதுக்குள்ள அவன் எடுத்துட்டான்னு கோவம், இல்லையா?” என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டால், குழந்தைக்குத் தன் கோபம் பிடிபடுகிறது. பிடிபட்ட கோபத்தை அடக்கப் பழகலாம். அடுத்த வாக்கியம் தம்பியைப் பற்றியது: “அவன் முதுகைப் பாரு, சிவந்துபோச்சு.” ஜூடி டன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் வீடுகளில் குடும்பத்தினர் பேசுவதைப் பதிவு செய்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் வீட்டாரோடு உணர்வுகளைப் பற்றி மிகுதியாகப் பேசிய குழந்தைகள், ஆறு வயதில் அறிமுகமில்லாதவர்களின் உணர்வைக்கூட நன்றாகக் கண்டுகொண்டார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முதலில் செயல், பிறகுதான் உணர்வு. நேர்மையான செயல்களைச் செய்து செய்துதான் மனிதன் நேர்மையானவன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் குழந்தையைப் பழக்குகிறோம். பொருள் பின்னால் விளங்குகிறது. மன்னிப்பும் அப்படித்தானே? வணக்கம் ஒரு மரியாதை. அதைச் சொல்வதற்கு மனத்தில் இன்னது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மன்னிப்போ, “நான் வருந்துகிறேன்” என்று தன் மனத்தைப் பற்றிக் கொடுக்கும் சாட்சியம். பொய்ச் சாட்சியத்தைப் பயிற்சியால் உண்மையாக்க முடியாது. அரிஸ்டாட்டிலின் வாதத்தில் உள்ள உண்மையை ஏற்று, செயலைப் பழக்கமாக்குவோம். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுப்பது, ஐஸ்கட்டி எடுத்து வந்து வீங்கிய இடத்தில் வைப்பது, கிழித்த நோட்டை ஒட்டித் தருவது ஆகியவற்றை வற்புறுத்தலாம், வற்புறுத்தவும் வேண்டும். இவற்றைச் செய்ய மனம் கனிந்திருக்கத் தேவையில்லை. செய்யும்போது அடிபட்டவனின் முகத்தை அருகிலிருந்து பார்க்க நேர்கிறது, கனிவதற்கு அதுவே வழி. தம்பிக்கு உடனே நியாயம் கிடைக்க வேண்டாமா என்று கேட்பவருக்கும் இதுவே பதில்.

உணர்வு உணர்வு என்று பேசிப் பேசிப் பிள்ளைகளைத் தொட்டாற்சிணுங்கிகளாக்கிவிடுவோம் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2022-இல் வெளியானது. மனத்தைக் கவனிக்கும் பயிற்சி பாடமாக நடத்தப்பட்ட மாணவர்கள், நடத்தப்படாதவர்களைவிட மனநலத்தில் மேம்படவில்லை. வகுப்பறையில் வாரம் ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் உணர்வறிவின் மீது அளவுகடந்த நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பதற்கு இது தக்க எச்சரிக்கை. தன் உணர்வையே சுற்றிச் சுற்றி வரும் பேச்சு குழந்தைக்கு வலிமை தராது. பேச்சு இரண்டு வாக்கியத்தில் முடிந்து, காரியத்துக்குத் திரும்ப வேண்டும். வேலை முடித்துக் களைத்து வரும் தாய்க்கு அதற்கும் பொறுமை இல்லாத நாள்கள் உண்டு. அன்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் போதும். தாமதமாக வரும் உண்மையான மன்னிப்பால் கெடுவது ஒன்றுமில்லை.

இதில் மிகவும் கனமான பொறுப்பு பெரியவர்களுடையது. செய்யாத தவறுக்குக் குழந்தையைத் திட்டியது பிறகு தெரியவரும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “சரி சரி, வா சாப்பிடு” என்ற குழைந்த குரல், அல்லது மாலையில் ஒரு பஜ்ஜிப் பொட்டலம். அன்பு இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. சொல் மட்டும் வருவதில்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். தகப்பன் ஒருவர் “நீ எடுக்கலன்னு இப்பத்தான் தெரிஞ்சுது, விசாரிக்காம திட்டிட்டேன், தப்பு என்னோடது” என்று சொன்னால், மன்னிப்பு என்பது தோற்றவன் செலுத்தும் கப்பம் அல்ல என்பது குழந்தைக்கு அந்தக் கணத்தில் புரியும். எளியவரை நெருக்கி அதைப் பெறுகிறவர், தான் ஒருபோதும் கொடுப்பதில்லை என்றால், குழந்தை படிப்பது அதிகாரத்தின் பாடம் மட்டுமே.

பள்ளிக்கூடத்து மன்னிப்புக் கடிதத்தை இந்த வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கலாம். ‘மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன் என்று உறுதியளித்து, கீழே பெற்றோர் கையெழுத்தோடு அது ஒரு கோப்புக்குள் போய்விடுகிறது. மூக்கில் அடிபட்டவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர்கூடப் பல கடிதங்களில் இருப்பதில்லை. நியூசிலாந்து 1989-இல் இயற்றிய சட்டம், குற்றம் செய்த சிறாரையும் அவர்கள் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரோடு ஒரே அறையில் உட்காரவைத்து, இழப்பை எப்படி ஈடுசெய்வது என்று பேச வழி செய்தது. திருட்டு, தாக்குதல் வழக்குகளுக்கே அது இயலும் என்றால், ஆறாம் வகுப்புக் கைகலப்புக்கு ஏன் இயலாது? கடிதம் வேண்டுமென்றால் எழுதட்டும், அடிபட்ட மாணவனின் பெயருக்கு: என்ன நடந்தது, அதனால் உனக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கிறேன், இப்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்று. வருந்துகிறேன் என்ற வரியை எழுதுவதும் எழுதாததும் அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும்.