ஒருமையும் உவமையும்: உயிரிரக்கத்தின் அடிப்படை குறித்து

இயற்கையோடும் மன்னுயிர்களோடும் தான் வேறன்று என உணர்தல் மெய்யியலார் பலராலும் உயர்நிலை அனுபவமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. அவ்வுணர்வு ஒருவரது ஒழுக்கத்திற்கு அடிப்படையாக அமையுமா என்பது தனியே ஆராயத்தக்க வினாவாகும். உணர்வின் உயர்வை ஏற்றுக்கொண்ட அளவிலேயே அதனின்றும் அறம் பிறக்கும் என்று கொள்வதற்கில்லை. உலகனைத்தும் தானே எனத் தனிமையில் உணர்ந்த ஒருவன், வாயிலில் நிற்கும் பசித்தவனைக் கடந்து செல்லமாட்டான் என்பதற்கு அவ்வுணர்வில் உறுதி ஏதும் இல்லை.

இவ்வினா அண்மைக்கால இந்தியச் சிந்தனையில் கூர்மை பெற்றது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். ஜெர்மானிய இந்தியவியல் அறிஞர் பால் டாய்சன் 1893இல் பம்பாயில் நிகழ்த்திய உரையொன்றில், அயலானை நேசிக்க வேண்டும் என்னும் விவிலியக் கட்டளைக்குரிய காரணத்தைச் சாந்தோக்கிய உபநிடதத்தின் மகாவாக்கியமே தருகிறது என வாதிட்டார். அயலான் உண்மையில் தானேயாதலின் அவனுக்கு இழைக்கும் தீங்கு தனக்கே இழைத்ததாகும் என்பது அவ்வாதத்தின் சாரம். விவேகானந்தர் 1896இல் இலண்டனில் ஆற்றிய நடைமுறை வேதாந்தம் குறித்த சொற்பொழிவுகளும் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தன. மற்றொரு ஜெர்மானிய அறிஞரான பால் ஹாக்கர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதனை மறுத்தார். பண்டைய அத்வைத உரையாசிரியர்கள் மகாவாக்கியத்தினின்று அறநெறியை வருவிக்கவில்லை என்றும், அம்முறை ஷோப்பன்ஹவரிடமிருந்து டாய்சன் வழியாக வந்தது என்றும் அவர் கருதினார். அவர் கூறிய வரலாறு விவாதத்திற்குரியது. ஆயினும் அம்மறுப்பினுள் அடங்கிய மெய்யியல் இடர்ப்பாட்டை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பிறன் தானேயாயின், அவனுக்கு உதவுதல் தன்னலத்தின் விரிவாகிவிடுகிறது. இரக்கம் நிகழ இருவர் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ் மரபு கையாளும் ஒரு சிறு இடைச்சொல் கருதத்தக்கது. இன்னா செய்யாமை அதிகாரத்தில் (குறள் 315) வள்ளுவர், பிறவுயிரின் நோயைத் தன்னோய் போலக் கருதிக் காவாதவிடத்து அறிவினால் ஆகும் பயன் யாது என வினவுகிறார். பிறிதின் நோய் தன் நோயே என்று அவர் கூறவில்லை. 'போல்' என்னும் உவம உருபை இடையே நிறுத்துகிறார். பகவத்கீதை ஆறாம் அத்தியாயத்தின் 32ஆம் சுலோகத்திலும் பிறரது இன்பதுன்பங்களைக் காணும் நெறி 'ஆத்மௌபம்யம்' என்றே குறிக்கப்படுகிறது. தன்னை உவமையாக வைத்துக் காண்டல் என்பது அதன் பொருள். எல்லா உயிர்களிலும் தன்னையும் தன்னுள் எல்லா உயிர்களையும் காணுமாறு சில சுலோகங்களுக்கு முன்பு கூறிய நூலே, ஒழுக்கம் பற்றிய இடத்தில் உவமைக்கு வந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே உவமை தோன்றும் என்பது தொல்காப்பியம். உவமையும் பொருளும் இருவேறாக நின்றாலன்றி ஒப்புமை பிறவாது. ஒன்றற்கு அதனையே உவமையாகக் கூறுதலை, அதற்கு நிகரான பிறிதொன்று இல்லை எனக் காட்டும் தனிவகையாகவே அணியிலக்கணத்தார் கொண்டனர். எனவே 'தன்னோய் போல்' என்னுமிடத்து வேற்றுமை அழியவில்லை. அவ்வேற்றுமை நிற்பதனாலேயே, பிறிதின் நோய் எத்தகையது, அதற்கு வேண்டுவது யாது எனக் கேட்டறியும் கடமையும் உடன் நிற்கிறது. தன் நோயாயின் கேட்டறிய வேண்டுவதில்லை. பிறரது துன்பத்தைத் தாமே முற்ற அறிந்துவிட்டதாகக் கொண்டு அவர்க்காகப் பேசத் தொடங்குவோரிடம் இக்கடமை மறைந்துவிடுவதைச் சமூக வரலாறு பலமுறை காட்டியுள்ளது.

இயற்கையோடு கொள்ளும் ஒருமைக்கும் இது பொருந்தும். சங்க இலக்கியத்தில் மனிதரும் இயற்கையும் இரண்டறக் கலந்து நிற்பதாகக் கூறுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. நற்றிணை 172ஆம் பாடல் காட்டுவது கலப்பன்று, உறவு. சிறுமியர் வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்துவிட, நெய் கலந்த பாலூட்டி அதனை வளர்க்கின்றனர். மகளிரினும் சிறந்த உடன்பிறப்பு அது என்கிறாள் அன்னை. அதனால் அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகிறாள். வேறு நிழல் நாடுமாறு தலைவனுக்கு உணர்த்தப்படுகிறது. மரம் தானேயாயின் நாணத்திற்கு இடமில்லை. தன்னின் வேறாய் நின்று தன்னைக் காணும் ஓர் உறவாக அது இருப்பதனாலேயே தலைவியின் ஒழுகலாறு மாறுகிறது.

பாடலில் நாணமாக நின்ற இவ்வுறவு, இராசத்தானத்துப் பிஷ்னோய் மக்களிடையே விதியாக நிலைபெற்றது. 15ஆம் நூற்றாண்டில் ஜம்போஜி வகுத்த 29 நெறிகளுள் பசுமரத்தை வெட்டாமையும் உயிர்களிடத்து இரக்கமும் அடங்கும். 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க விறகு தேடி அரசனின் ஆட்கள் கேஜர்லி ஊருக்கு வந்தபோது, அமிர்தா தேவி முதலாக 363 பேர் மரங்களைத் தழுவி நின்று வெட்டுண்டு இறந்தனர். அம்மரம் தமிழகக் கோயில்களில் தலமரமாக விளங்கும் வன்னியேயாகும். அம்மக்கள் வன்னியைத் தொடாது வணங்கி மட்டும் நின்றவரல்லர். அதன் தழை கால்நடைக்குத் தீவனம். காய் அவர்க்கு உணவு. பயன்கொள்ளுதற்கும் அழித்தற்கும் இடையே எல்லை வகுத்தது தலைமுறை தலைமுறையாகப் பயின்ற ஒழுக்கமாகும். பேரனுபவம் எய்தியவர் அவருள் எத்துணையர் என்ற வினா அங்கு எழுவதில்லை.

இக்கருத்துகள் அனைத்தையும் ஒரு கொள்கையாக வகுத்தவர் இராமலிங்க அடிகள் (1823-1874). டாய்சனின் உரைக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆன்மநேய ஒருமைப்பாட்டை அறத்தின் அடிப்படையாக அவர் நிறுவினார். ஆயினும் அவர் சென்ற வழி வேறு. பயிர் வாடக் கண்டு தாமும் வாடியதாகப் பாடிய அருட்கவிஞராக மட்டும் அவரைக் காண்போர், அவரது உரைநடைக்கு உரிய இடம் அளிப்பதில்லை. உயிர்கள் யாவும் இறைவனால் ஒரு தன்மையவாகப் படைக்கப்பட்டமையின் தம்முள் உரிமையுடைய உடன்பிறப்புகள் என்கிறது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'. உடன்பிறந்தார் துன்புறக் காணும்போது உள்ளம் உருகுவது உடலுரிமையால். பிறவுயிர் துன்புறக் காணும்போது உருகுவது ஆன்மவுரிமையால். உறவு, பாத்தியதை என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரும் 'உரிமை' என்னும் சொல்லை அடிகள் தேர்ந்தமை தற்செயலாகாது.

அவ்வாறாயின் பிறர் துன்பம் கண்டும் உருகாதவர் இருப்பது ஏன் என்ற தடையை அடிகளே எழுப்பி விடை கூறுகிறார். அவர்தம் ஆன்ம அறிவாகிய கண் அறியாமையாகிய காசநோயால் ஒளி மழுங்கியுள்ளது. அதற்குத் துணையான மனம் முதலிய கண்ணாடிகளும் தடித்துவிட்டன. இவ்விடையின் விளைவு பெரிது. கண் மழுங்கியதனால் காணப்படும் பொருள் இல்லாது போவதில்லை. உருக்கம் தோன்றாதவிடத்தும் உரிமை இருந்தே தீரும். பசித்தவனின் பாத்தியதை காண்பவனது உணர்வை எதிர்நோக்கி நிற்பதன்று. இந்நோக்கில் உணர்வு அறத்தின் பிறப்பிடமாவதில்லை. முன்னரே உள்ள ஒன்றைக் காட்டும் கருவியே ஆகிறது. வடலூரில் 1867 மே 23ஆம் நாள் அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் உண்ண வருவோரின் சாதியோ சமயமோ கேட்கப்படுவதில்லை. கேட்க வேண்டுவது பசி உண்டா என்பது ஒன்றே.

உயிர்களின் துன்பங்களுள் பசியையும் கொலையையும் அடிகள் தனியே பிரித்து, அவற்றை நீக்குதலை முதன்மையான ஜீவகாருண்யமாகக் கொண்டார். பிணி, தாகம், அச்சம், வறுமை முதலியவற்றை நீக்குதல் அதற்கு அடுத்த நிலையினது. எல்லாம் ஒன்றெனும் உணர்வு மட்டுமே அடிப்படையாயின் இத்தகைய வரிசைக்கு இடமிராது. மரமும் புல்லும் ஓரறிவுயிர்கள் என்பதையும் அவர் மறுக்கவில்லை. அவற்றை உண்பது கொலையாகாதா என்ற வினாவை எடுத்துக்கொண்டு, வித்தும் காயும் கனியும் தழையும் கொள்வது உயிர்களின் நகத்தையும் மயிரையும் களைவதை ஒக்கும். அதனால் நோவு உண்டாவதில்லை என்று விடை தருகிறார். இன்றைய தாவரவியல் நோக்கில் இவ்வுவமையின் தகுதி மேலும் ஆராயத்தக்கது. பயிரின் வாட்டத்திற்கு வாடியவரே அப்பயிரின் விளைவைச் சோறாக்கிப் பந்தியில் இடச் செய்தார்.