காட்சியும் நற்காட்சியும்

ஓர் உயிரைக் காண விரும்புவது குற்றமாகுமா? கண் எதனையும் கொல்வதில்லை; எனவே பார்ப்பதில் பாவமில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2023ஆம் ஆண்டு கம்பத்தில் நிகழ்ந்தவை அவ்வெண்ணத்தை மாற்றின.

கம்பம் பள்ளத்தாக்கு நம் சமூகத்தாருக்கு அயலிடம் அன்று. முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் செழிக்கும் அம்மண்ணில், உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அமைதி காத்து நிற்கின்றன. அப்பாறையை நாடிச் சென்றோர் மேகமலையின் அழகையும் கண்டிருப்பர். அப்பள்ளத்தாக்கில்தான் அந்த யானை ஊருக்குள் வந்தது.

அதன் பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் நியாயவிலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி உண்டதால் அப்பெயர் பெற்றது. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை பூட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். பழகிய காட்டை இழந்த அது அலைந்து திரிந்து, மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் புகுந்தது. 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இருசக்கர வண்டியில் வந்த ஒருவர் யானை தாக்கியதில் படுகாயமுற்று, மே 30 அன்று உயிர் நீத்தார்.

அன்று சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு அஞ்சியிருந்தனர். சிலர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பின்னால் ஓடினர். அவர்களைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. நம் பேரன் அப்படத்தைக் காட்டியபோது, "இன்னொரு தடவை போடப்பா" என்று கேட்டவர்கள் நாம். மூன்று முறை கண்டு வியந்தோம். இறப்புச் செய்தி வந்த பின்னரே, நாம் வியந்தது ஒளிய இடம் தேடிய ஓர் உயிரின் அச்சத்தை என்பது உறைத்தது.

ஆசிரியப் பயிற்சியின்போது பூச்சிகளைப் பற்றிய பாடம் நடத்த, தும்பி ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துச் சென்றோம். பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்தனர். ஒரு சிறுமி மட்டும், "அதுவும் நம்மளப் பார்க்குமா டீச்சர்?" என்று கேட்டாள். பார்க்கும் என்றோம். "அப்போ பயப்படுமே" என்றாள். பாடம் முடியட்டும் என்று சொல்லி அவளை அமர்த்தினோம். பாடம் முடிவதற்குள் தும்பி அடங்கிவிட்டது. அன்று நாம் நன்மதிப்பெண் பெற்றோம். பாடத்தைக் கற்றவளோ அச்சிறுமி.

அப்படியாயின் எதனையும் பார்க்கவே கூடாதோ? அவ்வாறன்று. அறியாத உயிரிடம் அன்பு பிறப்பது அரிது. வனத்துறையினரும் அந்த யானையைப் பட்டையின் வழியே இரவு பகலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர். ஜூன் 5 அன்று மீண்டும் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, லாரியில் ஏற்றிச் சென்று, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டில் விட்டனர். அதிலும் துன்பம் இருந்தது. ஆனால் அந்தப் பார்வை மனிதரையும் யானையையும் காக்க முயன்றது. நம் பார்வையோ நம் மகிழ்ச்சியை மட்டுமே நாடியது. வேறுபாடு கண்ணில் இல்லை, கருத்தில் உள்ளது.

நற்காட்சி என்பது கண்ணால் காண்பதன்று, உண்மைப் பொருளின்கண் கொள்ளும் உறுதி என்பதை அறிவோம். ஆயினும் அவ்வுறுதி கண்ணையும் திருத்த வேண்டாமா? நம் முனிவர்கள் ஈர்யா சமிதி என்னும் ஒழுக்கத்தால், நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே அடி வைப்பர். எறும்பின் அழகைக் காண்பதற்காக அன்று. அதை மிதிக்காமல் இருப்பதற்காக. காப்பதற்காகக் காண்பது என்னும் நெறியை அவர்கள் நாள்தோறும் நடந்து காட்டுகின்றனர்.

பார்சுவநாதர் முற்பிறவி ஒன்றில் வஜ்ரகோஷம் என்னும் யானையாய் இருந்த வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். வெகுண்டு வந்த அந்த யானையின் முன் அரவிந்த முனிவர் கூச்சலிடவில்லை; துரத்தவில்லை; அசையாது நின்றார். யானை அடங்கிற்று; அறம் கேட்டது. நாம் முனிவர் அல்லோம். யானையின் எதிரே நிற்கத் துணிவதும் அறிவுடைமை ஆகாது. விலகி நின்று வழிவிடுவதே நமக்குரிய அமைதி. நாம் விட்ட வழி, தெருவில் வரும் மற்றொரு மனிதனின் உயிரையும் காக்கக்கூடும்.

பேரன் இப்போதும் படங்கள் காட்டுகிறான். "இதை எடுத்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றாராம்?" என்று முதலில் கேட்கிறோம். அவனும் இப்போது அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.