சூதுக்கு வழிகாட்டும் நேர்மை

உண்மையே எழுதுகிறவன் குற்றவாளியாக முடியுமா? விந்தையான வினாவாகத் தோன்றலாம். பொய்தான் எல்லாத் தீமைகளுக்கும் தாய் என்று சொல்லியே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆயினும், ஒரு சொல்லும் பொய்யாக எழுதாமல், அவ்வெழுத்தைக் கொண்டே மனிதரைச் சூதாட்ட வாசலுக்கு அழைத்துச் செல்லும் தொழில் ஒன்று இன்று அமெரிக்காவில் நடைபெறுகிறது. அதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

அங்கே 'ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ' என்ற பெயரில் இணையச் சூதாட்டக் கூடங்கள் உள்ளன. பரிசு, அதிர்ஷ்டம், அதற்காகக் கொடுக்கும் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது லாட்டரி என்பது பொதுவாக அந்நாட்டுச் சட்டம். மூன்றாவதை நீக்கிவிட்டால் தப்பலாம் என்று இக்கூடத்தார் கணக்குப் போட்டனர். இரண்டு வகைக் காசுகளை உண்டாக்கினர். 'கோல்டு காயின்' என்பதைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஆனால் அதைக் கொண்டு வென்றாலும் பணம் கிடைக்காது. 'ஸ்வீப்ஸ் காயின்' என்பதை விற்பதில்லை. கோல்டு காயின் வாங்குவோருக்கு அது 'இனாமாக' வரும். அதைக் கொண்டு வென்றாலோ, பெரும்பாலும் ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் பணமாகும். எதையும் வாங்காமல், கையால் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பியும் சில காசுகளைப் பெறலாம் என்று ஒரு விதியும் வைத்திருப்பார்கள். "பார்த்தீர்களா, நாங்கள் சூதுக்குப் பணம் வாங்கவில்லை!" என்பது அவர்கள் வாதம்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதன்று. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட கூட்டத்தாரின் வரலாற்றை அல்அஃராஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அவர்கள் சனிக்கிழமை மீனை வலையில் சிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை அதை அள்ளினார்கள் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரைக் கொன்றவர்கள் அவர்கள். பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா?

இனி நம் எழுத்தாளரிடம் வருவோம். இக்கூடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மதிப்புரை எழுதுவதே அவர் தொழில். இத்தொழிலில் மிகுந்த கவனமுடையோரும் உண்டு. குறைந்தது எத்தனை காசு சேர்ந்தால் பணமாக மாற்றலாம், வென்ற பணம் வங்கிக்கு வந்துசேர எத்தனை நாளாகும், தபாலில் அனுப்பும் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்பதையெல்லாம் தாமே சோதித்து எழுதுவார்கள். ஏமாற்றும் கூடத்தை ஏமாற்றும் கூடமென்றே சொல்வார்கள். இவர்களைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு நா வராது.

ஆனால் இவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? படித்தவர் அந்தப் பக்கத்தின் வழியாகவே கூடத்துக்குள் நுழைந்தால், கூடத்தார் எழுத்தாளருக்குக் கமிஷன் தருகிறார்கள். சிலர் ஆளுக்கு இவ்வளவு என்று தருவர். வேறு சிலர் அந்த ஆளால் கிடைத்த வருமானத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று தருவர். கூடத்தின் வருமானம் என்பது விளையாடியவரின் நஷ்டமே அல்லவா? அப்படியானால், தம்மை நம்பிய வாசகர் தோற்கத் தோற்க எழுத்தாளரின் பை நிறைகிறது!

"அவர்கள் எப்படியும் ஆடத்தான் போகிறார்கள், மோசடிக்காரனிடம் சிக்காமல் நான் காப்பாற்றுகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குழியில் விழப்போகிறவனை எச்சரிப்பது நஸீஹத்துதான். ஆனால் எச்சரிப்பவன் குழி தோண்டியவனிடம் கூலி வாங்குவதில்லை. "இந்தக் குழியில் விழாதே, அந்தக் குழி ஆழம் குறைவு" என்று கைப்பிடித்து நடத்திச் செல்வதும் இல்லை.

அவர் எழுதும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். "இவ்விளையாட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு திருப்பித் தருகிறது" என்று சிறப்பாக எழுதுவார். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் கையிலுள்ள 100 டாலரை முழுவதும் ஒருமுறை ஆடி, திரும்பி வந்ததை மறுபடியும் ஆடி, இப்படிப் பத்துமுறை சுற்றினால் சராசரியாக மிஞ்சுவது ஏறத்தாழ 66 டாலர். இருபதுமுறை சுற்றினால் 44 டாலர். தொண்ணூற்றாறு என்றது உண்மை. நாற்பத்து நான்கைச் சொல்லாமல் விட்டது? சில்லறையில் உண்மை பேசி, மொத்தத்தில் மௌனம் சாதிப்பதை நேர்மை என்று எப்படிச் சொல்வது?

திருமறை சூதைப் பற்றிப் பேசும் முறையைக் கவனியுங்கள். மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்களும் உண்டென்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் மறைக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று எடைபோட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தில் முற்றாகத் தடுத்து, பகையும் தொழுகை மறதியும் அதனால் விளைவதைக் காட்டியது. முழு உண்மை என்பது இதுதான். விவரங்களை அடுக்கிவிட்டுத் தீர்ப்பை விழுங்கிவிடுவது உண்மையாகாது.

மற்றொன்றும் உண்டு. தன் தோழனிடம், "வா, சூதாடுவோம்" என்று சொன்னவர் ஸதகா கொடுக்கட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அங்கே ஆட்டம் நடந்ததாகப் பேச்சில்லை, பணம் கைமாறவுமில்லை. அழைத்த சொல் ஒன்றுக்கே பரிகாரம்! அப்படியிருக்க, அழைப்பையே தொழிலாக்கி, அழைப்பின் பேரில் கூலி பெறுகிறவர் நிலை என்ன? மது விஷயத்திலும் குடிப்பவரோடு, பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று பத்துப் பேர் சபிக்கப்பட்டதாகத் திர்மிதீயில் வருகிறது.

உலகச் சட்டமும் இப்போது இப்பக்கம் திரும்பியுள்ளது. 2025-ஆம் ஆண்டில் மொன்டானா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்கள் இத்தகைய கூடங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றின. 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியாச் சட்டம் கூடத்தாரோடு நிற்கவில்லை. அறிந்தே துணை நிற்கும் பணப்பட்டுவாடாக்காரர்களையும், கமிஷனுக்கு விளம்பரம் செய்யும் ஊடகத்தாரையும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது.

அன்பர்களே, இது அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் பிரச்சினை மட்டுமா? கணக்கு எழுதுவோர், விளம்பரம் வரைவோர், கணினியில் வேலை செய்வோர் நம் இல்லங்களிலும் இருக்கிறார்கள். "நான் என் வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன்" என்பது நல்ல சொல்தான், அதோடு, "யாருடைய நஷ்டத்திலிருந்து என் கூலி வருகிறது?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சூதாட்ட மதிப்புரை எழுதும் அதே கூர்மையான பேனா, கமிஷனை உதறிவிட்டு, நாற்பத்து நான்கு டாலர் கணக்கை எழுதட்டும். அன்று அதே விவரங்கள் எத்தனையோ குடும்பங்களைக் காக்கும் அமானிதமாகிவிடும்.

வல்ல நாயன் நம் நாவையும் பேனாவையும் காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.