முகம் அறியாதவருக்கும் ஸலாம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில், மொரோக்கோ தேசத்துக் கடற்கரையில், தாஞ்சா என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. 1325-ஆம் வருஷம், ஹிஜ்ரி 725 ரஜப் மாதத்தில், அவ்வூர் வாலிபர் ஒருவர் ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டார். வயது 21. அவர்தாம் உலகம் சுற்றிய இப்னு பதூதா. பிற்காலத்தில் நம் மதுரைச் சீமைக்கு வந்தவர். நமக்கு எதிர்க்கரையான சுமத்திராவிலும் தங்கியவர்.

அல்ஜீரியாவின் கடற்கரைப் பட்டினமான பிஜாயாவில் அவரைக் காய்ச்சல் பிடித்தது. "குணமாகும்வரை தங்கும்" என்றார்கள். மௌத்து வருவதானால் ஹிஜாஸ் போகும் வழியிலேயே வரட்டும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். குஸன்தீனா ஊருக்கு வெளியே மழையில் நனைந்து கிடந்தார். அவ்வூர் அதிகாரி அழுக்கான துணிகளை வெளுக்கச் சொல்லி, கிழிந்த துணிக்குப் பதில் நல்ல துணி கொடுத்து, அதன் முனையில் இரண்டு பொற்காசும் முடிந்து அனுப்பினார். பூனா பட்டினத்துக்கு அப்பால் மறுபடியும் காய்ச்சல். விழுந்துவிடாமலிருக்கத் தம் தலைப்பாகைத் துணியாலேயே சேணத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டு துனிஸ் போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் அவர் மனம் உடைந்தது. ஊரார் எதிர்கொண்டு வந்து, கூட வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். இவரை அறிந்தவர் ஒருவருமில்லை. ஆகவே ஒருவரும் ஸலாம் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு அழாதவர் அங்கே அழுதுவிட்டார்! ஹாஜி ஒருவர் அதைக் கண்டு, அருகே வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். 30 வருஷம் கழித்துத் தம் பயண வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோதும் இப்னு பதூதா அந்த ஸலாமை மறக்கவில்லை. அழுதுகொண்டு வந்த அதே வாலிபர், ஹஜ்ஜுக்குச் செல்லும் கூட்டத்தின் காஜியாகத் துனிஸை விட்டுப் புறப்பட்டார் என்பதையும் கவனியுங்கள்.

சகோதரர்களே! இது துனிஸ் நகரத்துச் சங்கதி மட்டுமா? நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வங்காள தேசத்து வாலிபர்கள் ஜும்ஆவுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வாராவாரம் என் கடையில் அரிசியும் பருப்பும் வாங்குவார். தொழுகை முடிந்ததும் நாங்கள் ஊர்க்காரர்கள் கூடி நின்று முஸாபஹா செய்து பேசுவோம். அவர் தூணோரம் தனியே நிற்பார். மாதக்கணக்கில் அப்படி நடந்தது. கடையில் அவர் காசை வாங்கிய இந்தக் கையைப் பள்ளியில் நான் நீட்டவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோரும் முகம் அறியாதவர்களாகத்தானே வந்தார்கள்? யாரோ ஒருவர் ஸலாம் சொல்லி, படுக்க இடம் காட்டியதால்தானே இன்று நமக்குக் கடையும் கல்லாவும் இருக்கின்றன?

இஸ்லாத்தில் சிறந்தது எது என்று கேட்கப்பட்டபோது, உணவளிப்பதும், அறிந்தவர் அறியாதவர் எல்லோருக்கும் ஸலாம் சொல்வதும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். ஜக்காத்துப் பெறத் தகுந்த எட்டு வகையாரில் வழிப்போக்கரையும் அல்லாஹுத்தஆலா சேர்த்திருக்கிறான். ஸலாமுக்கு முதல் வேண்டாம், வட்டமும் இல்லை. கல்லாவில் காசு விழுமுன் ஸலாம் சொல்லுங்கள். பள்ளியில் தனியே நிற்பவரைத் தேடிப் போய்க் கை கொடுங்கள். நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

முகம் பாராமல் ஸலாம் சொல்லும் நல்ல உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.