திரும்பிய கழுத்து

மில்கா சிங் திரும்பிப் பார்த்தாரா, இல்லையா? சில நாட்களாக வேறு எதை யோசிக்க உட்கார்ந்தாலும் இந்தக் கழுத்தில் வந்துதான் நிற்கிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலை நாலைந்து பேர் கூடிப் படிப்போம். ஒரு வாரம் சிறுகதை, மறு வாரம் விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கை. வரிக்கு வரி நிறுத்தி, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவதுதான் ஏற்பாடு. அன்றைக்கு மில்காவின் முறை. 1960, ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர் இறுதி ஓட்டம். 250 மீட்டர் வரை பறந்தவர், வேகம் மிஞ்சிவிட்டதோ என்று ஒரு கணம் தயங்கி, மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்று கழுத்தைத் திருப்புகிறார். பதக்கம் போயிற்று. அவரே ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை.

பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள்.

"சார், அவரு ஃபர்ஸ்ட்ல வரவே இல்ல சார். வீடியோ இருக்கு."

செல்போனை நீட்டினாள். கறுப்பு வெள்ளைப் படம். ஓட்டிஸ் டேவிஸும் கார்ல் காஃப்மனும் 44.9 விநாடியில் கிட்டத்தட்ட ஒன்றாகக் கோட்டைத் தொடுகிறார்கள். இருவருக்குமே உலக சாதனை. மூன்றாவது தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ், 45.5. மில்கா 45.6. எந்தக் கட்டத்திலும் அவர் முன்னணியில் இல்லை என்பது தெரிகிறது. கழுத்து? முகமே கடுகளவு. திரும்பியது என்றோ திரும்பவில்லை என்றோ சத்தியம் செய்ய முடியாது.

அவளும் 400 மீட்டர் ஓடுகிறவள். "நீ திரும்பிப் பார்ப்பியாம்மா?" என்று கேட்டேன்.

"பாக்கக் கூடாதுன்னுதான் பி.டி. சார் சொல்வாரு. ஆனா பின்னாடி ஸ்பைக்ஸ் சத்தம் கேட்டா கழுத்து தானா போவும் சார். போனதே நமக்குத் தெரியாது. பாத்தவங்க சொன்னாதான் தெரியும்."

மில்காவுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அவர் திரும்பியதாகச் சொல்கிறார், பார்த்தவர்கள் அப்படித் தெரியவில்லை என்கிறார்கள். 400 மீட்டரில் ஒவ்வொருவரும் கடைசிவரை தன் தடத்திலேயே ஓட வேண்டும். வெளித்தடத்துக்காரர் சுற்று பெரிதென்பதால் முன்னே தள்ளி நின்று புறப்படுவார். கடைசி நேர்ப்பாதைக்கு வரும்வரை யார் முந்துகிறார் என்பது ஓடுகிறவருக்கே மங்கல்தான். 250வது மீட்டர் இரண்டாவது வளைவின் நடுவே வருகிறது. அங்கே ஒருவர் தான் முன்னால் இருப்பதாக மனதார நம்பலாம். மில்காவுக்காக வாதாட இது போதும். ஆனால் வாதத்தில் ஜெயித்தாலும் அந்தக் கழுத்து என்னை விடாது.

காரணம் வேறு. சுடுகாட்டிலிருந்து புறப்படும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். தாத்தாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு அப்பா நடக்கிறார். "பாக்காம போப்பா, பாக்காம போ" என்று யாரோ பெரியவர் சொல்கிறார். அப்பாவின் கழுத்து இடப்பக்கம் லேசாக அசைந்து மறுபடி நேராகிறது. பிடரியில் ஈர விபூதி. இது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஆனால் அம்மா, "உன்னை சுடுகாட்டுக்கு யாருடா கூட்டிட்டுப் போனா? நீ வீட்ல தூங்கிட்டிருந்தே" என்பாள். சித்தப்பாவோ என்னைத் தோளில் தூக்கிப்போனதாக அடித்துச் சொல்வார். இருவருமே இன்றில்லை. விபூதியின் ஈரம் மட்டும் காயவில்லை.

பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து ஓடிவந்தவர் மில்கா. அந்தச் சாவுகளுக்கு அடுத்தபடி தன் வாழ்வின் பெரிய துயரம் ரோம்தான் என்று சொல்லிவந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது அவர். ஒன்றாக ஒட்டியது 2013இல் வந்த 'பாக் மில்கா பாக்': அதில் அவர் திரும்பும்போது கண்ணில் படுவது பழைய கலவரம். சினிமாவுக்கு அது சௌகரியம். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. அத்தனை பெரிய அர்த்தத்தை ஒரு மனிதனின் கழுத்தில் ஏற்றலாமா? அதே ஆண்டு, மகளின் துணையோடு அவர் எழுதிய சுயசரிதையும் வந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டு சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு கணத்தில் அனுபவம் எவ்வளவு மிஞ்சும், சொன்ன விதம் எவ்வளவு படிந்திருக்கும்?

அதற்கு முந்தைய வாரம் அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' படித்திருந்தோம். சினிமா ஸ்டூடியோவுக்கு வாய்ப்புத் தேடி வரும் காதர், அசுவாரசியமாக உட்கார்ந்திருக்கும் கதை இலாகாக்காரர்கள் முன்னால் புலித்தலையை மாட்டிக்கொண்டு புலியாகவே ஆகிவிடுகிற கதை. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் எழுதியது. படித்து முடித்ததும் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: "நிஜமாவே அப்படி ஒருத்தர் வந்தாரா?" கற்பனை என்று தெரிந்த இடத்தில் சாட்சி தேடுகிறோம். சாட்சி இருக்கும் வாழ்க்கை வரலாற்றில், இது ஜோடனையோ என்று மோப்பம் பிடிக்கிறோம். காதரின் பாய்ச்சலுக்கு வீடியோ கிடையாது; அதனால் அது பத்திரமாக இருக்கிறது. மில்காவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நுணுக்கி வாசிப்பது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதில் எந்தப் பக்கம்? வரியை வைத்து ஆளைப் புரிந்துகொள்வதா, படத்தை வைத்து வரியைப் பிடிப்பதா?

சரி, கேமரா விநாடியை நூறாகப் பிளந்துவிட்ட காலத்துக்கு வருவோம். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. இங்கே தகராறுக்கே இடமில்லை. ஆனாலும் உஷா பல ஆண்டு கழித்துச் சொன்னது கஞ்சியைப் பற்றி: ஒலிம்பிக் கிராமத்தில் ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைக்காமல் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டியதாகவும், கடைசி 35 மீட்டரில் தெம்பு விட்டுப்போனதாகவும். கோட்டருகே மார்பை முன்தள்ளத் தவறினார் என்பார்கள் மற்றவர்கள். கேமரா எவ்வளவு என்று சொல்கிறது. எதனால் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஒரு சிறுகதையில் அந்தக் கஞ்சி வந்திருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். வாழ்க்கையில் வரும்போது அப்படிப் பேசக் கூசுகிறது. பசித்த ஓட்டக்காரியின் நேரடியான குறையை நான் குறியீடாக்கிப் பிடுங்கிக்கொள்வது போலிருக்கிறது. மில்காவின் கழுத்தும் அப்படித்தான். அது கதையம்சம் என்றால் 2021இல் போய்ச் சேர்ந்த ஒரு பெரியவரைப் பொய்யர் என்றாகிறது. அவர் சொன்னபடியே நடந்தது என்றால் அந்தப் பெண் நீட்டிய படத்தை ஒதுக்கியாக வேண்டும். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டால் திரும்பினார் என்பேன். நாளைக்கு வேறு மாதிரி சொல்லக்கூடும்.